எம்டனில் டர்பைன் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஞாயிறு பதிப்பில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்த கதையை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘டர்பைன் வேகத்தில் பறந்தது’ என்ற வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தவன் நான்.

எம்டனில் டர்பைன் கிடையாது. அதன் ஜோடிக் கப்பலான டிரெஸ்டனுக்குத்தான் டர்பைன், அதாவது நீராவி வேகத்தில் சக்கரம் சுழன்று ஓடும் என்ஜின். டான்சிக் கப்பல் தளத்தில் எம்டனைக் கட்டத் தொடங்கியது 1906-இல். அதே வருடம் பிரிட்டிஷ்காரர்கள் டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பலை டர்பைனோடு கடலில் இறக்கிவிட்டார்கள். எம்டனுக்கோ பழைய பிஸ்டன் என்ஜின் இரண்டு, கரி போடும் பாய்லர் பன்னிரண்டு. அந்த வகை என்ஜின் வைத்துக் கட்டிய கடைசி ஜெர்மன் குரூசர் (வேகமான போர்க்கப்பல்) அதுதான்.

பழையது என்றால் மட்டம் இல்லை. சின்ன சிலிண்டரில் வேலை செய்த நீராவியை வெளியே விடாமல் அதைவிடப் பெரிய இன்னொன்றில், அப்புறம் இன்னும் பெரிய மூன்றாவதில் என்று மூன்று முறை வேலை வாங்கும் என்ஜின் அது. கரும்புச் சக்கையைத் திரும்பத் திரும்ப ஆலையில் விட்டுப் பிழிகிற மாதிரி. அந்தக் காலத்து டர்பைன் முழு வேகத்தில்தான் சமர்த்து. மெதுவாகப் போகும்போது கரியைத் தின்று தீர்க்கும். ஒதுங்க ஒரு துறைமுகம்கூட இல்லாமல் இந்தியப் பெருங்கடலில் சுற்றிய கப்பலுக்குச் சிக்கனம்தானே முக்கியம்? பிடித்த கப்பல்களில் இருந்த கரியையும் அள்ளிப் போட்டு ஓட்டினார்கள்.

கரியிலும் ரகம் உண்டு. வேல்ஸ் கரி புகை குறைவாக எரியும். மட்டமான கரி போட்டால் கரும்புகை எழும்பி, எங்கே இருக்கிறோம் என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஆலையில் ஈரமான செம்பனை நாரை உள்ளே தள்ளிவிட்டால் இதே கதிதான். மேனேஜர் ஆபீசிலிருந்து புகைப்போக்கியைப் பார்த்துவிட்டே போன் பண்ணுவார். அடுப்பில் கிளிங்கர் (சாம்பல் உருகிச் சேர்ந்த கட்டி) இறுகிவிட்டால் ஆள் உயரக் கம்பியால் இடித்து உடைக்க வேண்டும், முகம் வெந்துபோகும். எம்டனில் அதைச் செய்தவர்கள் பெயர் எந்தக் கதையிலும் வருவதில்லை. கேப்டன் முல்லர் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று எம்டன் மூழ்கடித்த ரஷ்யக் குரூசர் ஜெம்சுக் (முத்து என்று அர்த்தமாம்) பினாங்குக்கு வந்ததே பாய்லர் சுத்தம் செய்யத்தான். கட்டுரை இதைச் சொல்லவில்லை. அதன் கேப்டன் கரையில் தங்கியிருந்ததை மட்டும் சொல்லிச் சிரிக்கிறது. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே இறங்கிக் கரி சுரண்டுகிறவனுக்குத்தான் தெரியும், திரும்ப நீராவி ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று. பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அந்த ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். “எம்டன்னா கெட்டிக்காரன்னு பாட்டி சொல்வாங்களே, அது கப்பலா தாத்தா?” என்றான். சென்னையில் குண்டு போட்டதிலிருந்து அந்தப் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது, அதே கப்பல் ஒரு மாதம் கழித்து இங்கேயும் வந்தது என்று சொன்னேன்.

திருத்தம் போடுவதாக இருந்தால் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓவியர் நான்கு புகைப்போக்கி வரைந்திருக்கிறார். எம்டனுக்கு மூன்றுதான். நான்காவது, யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரிவதற்காகப் படுதாவும் மரமும் வைத்துக் கட்டியது. 1914-இல் துறைமுகக் காவலர்கள் ஏமாந்தார்கள், சரி. நூறு வருடம் கழித்து உங்கள் ஓவியரையுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர்மேன்,
பட்டர்வொர்த்