இரவு எட்டரைக்கு மேல் போன் எங்கே இருக்கிறது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த வாரம், தமிழாசிரியர் விடுப்பில் இருந்ததால் ஏழாம் வகுப்புக்கு நான் போனேன். துணைப்பாடக் கதையை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையன் நான்கு வரி வாசித்துவிட்டு நிறுத்தினான். திக்கவில்லை, எழுத்துக் கூட்டத் தெரியாமலும் இல்லை. "கடைசியில என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றான். குறும்புக்காகச் சொன்னதில்லை. அவனுடைய கட்டைவிரல் புத்தக ஓரத்தில் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். பதினொன்று, பன்னிரண்டு என்றார்கள். "அப்பா போனை வச்சுட்டுத் தூங்கினப்புறம் நான் எடுப்பேன்" என்றாள் ஒரு பெண்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் கொரோனாவால் பள்ளியை மூடியபோது, வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம், பிள்ளைக்கு ஒரு போன் ஏற்பாடு செய்யுங்கள் என்று உங்களைக் கேட்டவர்கள் நாங்கள்தான். கடன் வாங்கிப் போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதே ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. தொல்லை விட்டது என்று நினைத்தோம். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. பாடத்துக்காக வாங்கிய போனில் பாடம் நின்றுபோனது, ரீல்ஸ் நிற்கவில்லை. இதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளுக்கு மனஉறுதி இல்லை என்று திட்டாதீர்கள். இந்தச் செயலிகளை அமைத்திருக்கும் விதம் அப்படி. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸும் அப்படித்தான். நாலு வீடியோ சப்பென்று இருக்கும், ஐந்தாவதில் சிரிப்பு வரும், அடுத்தது எப்போது என்று கை தானாகத் தள்ளும். எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றோம் என்பதையும் செயலி கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப அடுத்ததைக் கொடுக்கிறது. நம் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் 'தொடரும்' என்று போட்டிருப்பான், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். இதில் அந்த இடமே கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கே நிறுத்தும்?

மதிப்பெண்ணைவிட என்னை அதிகம் வருத்தியது வேறு விஷயம். மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் பள்ளி வாசலுக்கு வெளியே, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சேற்றில் வழுக்கி விழுந்தாள். பை ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம். பக்கத்தில் ஐந்தாறு பேர் இருந்தும் யாரும் கை கொடுக்கவில்லை. ஒருவன் அண்ணனுடைய போனில் வீடியோ எடுத்தான். பாட்டுச் சேர்த்து அன்று இரவே போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீடியோ போட்ட மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்தேன். "வியூஸ் வரும்னு போட்டோம் சார்" என்றார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அவள் வீட்டுக்குப் போனபோது அந்த மூவருமே அழுதார்கள். ஆனால் விழுந்தவளைத் தூக்க வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதை நினைத்து எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரவு எட்டரைக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் சமையலறை அலமாரிக்கோ டிவி மேசைக்கோ போய்விடட்டும். உங்கள் போனும்தான். நீங்கள் படுத்துக்கொண்டு பார்த்தபடி பிள்ளையை மட்டும் வைக்கச் சொன்னால் நடக்காது. இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் போதும். முதல் வாரம் பிள்ளை எரிந்து விழும், சாப்பாடு வேண்டாம் என்று அடம்பிடிக்கும். அடிக்காதீர்கள், பிடுங்கி எறியாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்பில் பலர் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

எங்கள் தரப்பில் இனி வீட்டுப்பாடம் எதுவும் வாட்ஸ்அப்பில் வராது, டைரியில் மட்டுமே எழுதித் தருவோம். "மிஸ் அனுப்பியிருக்காங்க" என்று பிள்ளை போன் கேட்டால் கொடுக்க வேண்டாம். நூலகமும் மைதானமும் மாலை ஐந்தே கால் வரை திறந்திருக்கும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். போனை சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு செயலியை நாளைக்கு எத்தனை நிமிடம் பார்க்கலாம் என்று அதில் அளவு வைக்கலாம். கணினி ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அதைச் செய்து காட்டுவார். அம்மா, அப்பா இருவராலும் வர முடியாவிட்டால் பாட்டியோ தாத்தாவோ வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்