முதல் ரோபோ வாங்கப் போகும் முதலாளிகளுக்கு

கோவை, ஓசூர், அம்பத்தூர் பட்டறை முதலாளிகளுக்கு வணக்கம்.

வெல்டிங்குக்கு ஒரு ரோபோ போடலாம் என்று யோசிக்கும் பலரும் முதலில் கேட்பது, மஞ்சளா ஆரஞ்சா என்றுதான். அதாவது மஞ்சள் ரோபோ செய்யும் ஃபானக்கா, ஆரஞ்சு ரோபோ செய்யும் கூக்காவா? கூடவே யஸ்காவா, ஏபிபி என்ற மற்ற இரண்டு ரோபோ கம்பெனிகளின் கேட்லாக்குகளையும் மேசையில் விரித்து, ஒன்றில் ±0.02 மி.மீ., மற்றொன்றில் ±0.03 மி.மீ. என்று ஒப்பிடுகிறீர்கள்.

கற்றுக்கொடுத்த புள்ளிக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது ரோபோவின் கை எவ்வளவு விலகும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. உங்கள் பிரஸ்ஸிலிருந்து வரும் பிராக்கெட் பீஸுக்குப் பீஸ் 1 மி.மீ. மாறினால், எந்தக் கம்பெனி ரோபோவும் துல்லியமாகத் தப்பான இடத்தில் வெல்டு போடும். அங்கே பணம் போக வேண்டியது, பீஸை அசையாமல் ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சருக்கு. அப்புறம், 10 கிலோ தூக்கும் என்றால், கை முனையில் மாட்டிப் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரின் எடையும் சேர்த்துத்தான் 10 கிலோ. இது தெரியாமல் ஆர்டர் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நான்கு கம்பெனிகளும் நேற்று முளைத்தவை அல்ல. ஏபிபியின் முன்னோடியான ஸ்வீடனின் ஆசியா (ASEA) கம்பெனி, 1974-இலேயே முழுக்க மின்சாரத்தில் ஓடும் ரோபோவைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கூக்கா ஆறு அச்சுகளில் அசையும் ரோபோவைச் செய்துவிட்டது. யஸ்காவா மோட்டாரிலிருந்து வந்தது, ஃபானக் இயந்திரங்களைக் கணினியால் இயக்கும் சிஎன்சியிலிருந்து வந்தது. கையைப் பொறுத்தவரை எதை வாங்கினாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

உண்மையான வித்தியாசம், கையை இயக்கும் கணினிப் பெட்டியான கன்ட்ரோலரில் இருக்கிறது. ஏபிபிக்கு ரேபிட், கூக்காவுக்கு கேஆர்எல், யஸ்காவாவுக்கு இன்ஃபார்ம், ஃபானக்குக்கு டிபி என்று ஆளுக்கொரு புரோகிராம் மொழி. ஒன்றில் எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்து இன்னொன்றில் ஓட்ட முடியாது. முதல் ரோபோவோடு உங்கள் ஆட்கள் பழகிவிட்டால், அடுத்து வாங்கும் ரோபோக்களும் பெரும்பாலும் அதே கம்பெனியாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் ஊரில் எந்த மொழி தெரிந்தவர்கள் அதிகம் கிடைக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். கேட்லாக்கில் அது இருக்காது.

கம்பெனியே கை மாறினால்? கூக்கா இப்போது சீனாவின் மிடியா கம்பெனி வசம். ஏபிபியும் தன் ரோபோ பிரிவை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் கம்பெனிக்கு விற்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. என் பார்வையில் இதற்காகப் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், கியர்பாக்ஸ் போனால் எத்தனை நாளில் வரும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

பேட்டரியையும் மறக்காதீர்கள். பல ரோபோக்களில், கை எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்கும் என்கோடரின் நினைவைக் காப்பது சில பேட்டரிகள். அவற்றை உரிய நேரத்தில் மாற்றாமல் விட்டால், கை தன் இடத்தை மறந்துவிடும். கைக்கு அதன் தொடக்க நிலையை மறுபடி பதிவு செய்து (இதுதான் மாஸ்டரிங்), புள்ளிகளைச் சரிபார்த்த பிறகுதான் வேலை ஓடும். அதை உங்கள் ஆளுக்குச் சொல்லித்தருவார்களா, இல்லை ஒவ்வொரு முறையும் சர்வீஸ் இன்ஜினியருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

டெமோவுக்குப் போகும்போது உங்கள் பட்டறைத் தொட்டியிலிருந்து நல்லதாகப் பொறுக்காமல் அள்ளிய பீஸ்களைக் கொண்டுபோங்கள். உங்கள் மூத்த வெல்டரையும் கூட்டிப்போங்கள். டார்ச்சின் கோணம் பார்த்தவுடன் சரியில்லை என்று சொல்லக்கூடியவர் அவர்தான். ரோபோவுக்குப் புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கும் கைக்கருவியான டீச் பென்டன்ட் பயிற்சிக்கும் முதலில் அவரையே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரோபோ புரோகிராமர்