சங்கத்தில் ஒரு குழி வேண்டும்: கொங்கு நாட்டு லாரி உரிமையாளர் சங்கங்களுக்குத் திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் இயங்கும் லாரி உரிமையாளர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சங்ககிரிப் பக்கத்து ஒற்றை லாரிக்காரன். பத்துச் சக்கர டாரஸ் ஒன்று வைத்து நானே ஓட்டுகிறேன். வண்டிக்கு வயது ஒன்பது. சென்ற மாதம் தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலை ஒன்றுக்கு 18 டன் மக்காச்சோளம் ஏற்றி வந்தபோது, தருமபுரியைத் தாண்டி, தொப்பூர் மலைச்சாலை இறக்கத்துக்கு முன்பாகச் சாலையோரத் தணிக்கையில் என் வண்டி நிறுத்தப்பட்டது. தேறவில்லை. இந்த மடல், வண்டிக்கு அடியில் இறங்கி நின்று பழுது பார்க்கும் குழி ஒன்றைச் சங்கங்களிடம் கேட்பதற்கு, அந்தத் தணிக்கையைக் குறை கூறுவதற்கன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செய்தி ஊருக்குத் தெரிந்தவுடன் நம்மவர்களிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய எல்லாமே, “ஏனுங்க, எவ்வளவு கேட்டாங்க?” என்றுதான் தொடங்கின. யாரும் எதுவும் கேட்கவில்லை. வண்டியில் என்ன பழுது என்று விசாரித்தவர் ஒரே ஒருவர். அவரும் பிரேக் மெக்கானிக்.

மோட்டார் வாகன ஆய்வாளரைப் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அந்தப் பெயருக்கு ஏற்றபடி பிரேக்கைப் பார்த்த ஒருவரை நான் அன்றுதான் சந்தித்தேன். அவர் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை முழுதாக மிதித்து வைத்திருக்கச் சொல்லி, ஏர் மீட்டரைப் பார்த்தபடியே நின்றார். முள் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. பின் அச்சின் இடப்பக்கத்தில், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் சேம்பரில் காற்றுக் கசிவு. இன்னொரு சக்கரத்தில், டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் லைனர் தேய்ந்து, பிரேக்கை இறுக்கும் நெம்புகோலான ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தள்ளும் தண்டு வேண்டிய அளவைவிட வெகுதூரம் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு டார்ச் அடித்து இரட்டைச் சக்கரங்களின் உள் டயர்களைப் பார்த்தார். லாரி டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வெட்டு ஆழம் மிச்சமிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. என்னுடைய இரண்டு உள் டயர்கள் மொட்டை. பின்பக்கத்துச் சிவப்பு ஒளிர்பட்டை சேறு ஏறி மங்கியிருந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, “இதை வெச்சுக்கிட்டா தொப்பூர் எறங்கப் போறீங்க?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

தொப்பூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும், அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளுக்கெல்லாம் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் ஓட்டுநர்தான் காரணம் என்று உரிமையாளர்களாகிய நாம் பேசிப் பழகிவிட்டோம். நியூட்ரலில் இறக்குவது தவறுதான். கியரில் இறக்கினால் இன்ஜினே பாதி பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு சக்கரத்தில் லைனர் இல்லாமலும் இன்னொன்றில் காற்று நிற்காமலும் இருக்கும் வண்டியில், அவற்றின் பங்கையும் மற்றச் சக்கரங்கள் சேர்த்துச் சுமக்கின்றன. டிரம் பழுக்கக் காய்கிறது. காய்ந்த டிரம்மில் லைனர் பிடிக்காமல் வழுக்குகிறது. கியரில் கவனமாக இறக்கும் ஓட்டுநரையும் அந்த வண்டி கவிழ்த்துவிடும். பாதி மலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், அவர் தூங்கிவிட்டார் என்று நாம் சொல்கிறோம்.

இப்போது நான் வெட்கத்துடன் எழுத வேண்டிய பகுதி. தணிக்கைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் இந்த வண்டிக்கு எஃப்.சி. காட்டினேன். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்பதால், எனக்கு அது இப்போது பொங்கல் தீபாவளி போல வருகிறது. அன்று அந்த மொட்டை டயர்கள் வண்டியில் இல்லை. தெரிந்தவரிடம் நான்கு நல்ல டயர்களை வாங்கி மாட்டி, பெயின்ட் அடித்து, புதிய ஒளிர்பட்டை ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்து ஓட்டிப் போனேன். சான்று கிடைத்த மாலையே டயர்களைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது என் ஒருவனுடைய தந்திரமன்று. எஃப்.சி.க்கென்றே டயர் மாறுவது நம்மில் எத்தனை பேருக்குப் பழக்கம் என்பதும், அதற்கு நாள் வாடகை வைத்திருப்பவர்கள் யார் என்பதும் இந்த மடலைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அப்படியானால் சான்று பெற்ற லாரி ஒன்று, சாலையில் ஓடும் லாரி வேறொன்று. சாலையோரத்தில் நின்றவர் பார்த்தது இரண்டாவது லாரியை.

தேறாத வண்டியை மீட்பது என்றால் என்ன என்பதைப் பத்து, இருபது வண்டி வைத்திருப்பவர்கள் முழுமையாக அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, காரணங்களை எழுத்தில் பதிந்து தகுதிச் சான்றை ரத்து செய்யலாம். ரத்தானால், புதிய சான்று பெறும்வரை வண்டியின் பதிவும் பர்மிட்டும் சேர்ந்தே முடங்கியதாகக் கருதப்படும். அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தவனுக்கு இது அன்றுதான் உறைத்தது. மக்காச்சோளத்தை மாற்று லாரியில் ஏற்றி அனுப்பியது என் செலவு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாய்க்கு மேல் இன்னொரு தார்ப்பாய் போட்டது எல்லாமே என் செலவு. சேம்பர், லைனர், டிரம் கடைசல், இரண்டு டயர் என்று பட்டறையில் நான்கு நாள் போயிற்று. வெற்று வண்டியை ஊருக்கு ஓட்டிவர அனுமதி பெற்று, மறு ஆய்வுக்கு நாள் வாங்கி, புதிய சான்று கைக்கு வர மொத்தம் 13 நாள் ஆயின. கணக்குப் பார்த்தால் இதில் அபராதம்தான் மிகச் சிறிய தொகை. 13 நாள் வண்டி நின்றாலும் பைனான்ஸ் தவணை நிற்கவில்லை. மூன்று ஆண்டுகளாக எனக்கு வாடிக்கையாக லோடு கொடுத்துவந்த புக்கிங் ஆபீசில் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் ஒற்றை லாரிக்காரர்தான்.

2018 ஜூலையில் நாடு முழுவதும் எட்டு நாள் லாரிகளை நிறுத்தினோம். டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை அன்றைய கோரிக்கைகள். நானும் வண்டியை நிறுத்தினேன். அந்த எட்டு நாளும் சங்கம் எங்களுடன் இருந்தது. இந்தப் பதின்மூன்று நாளில் சங்கம் எனக்குச் சொன்னது, யாரைப் பார்த்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்பதை மட்டுமே. நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது சிபாரிசுக்கு ஓர் ஆள் அன்று. ஒரு குழியும், அதற்குள் இறங்கத் தெரிந்த ஒருவரும். அதுவும் அந்த 13 நாளில் அன்று, அதற்கு ஒரு மாதம் முன்பே.

வானம் பார்த்த பூமியை நம்ப முடியாமல் லாரிக்கு வந்தவர்கள் நாம். வெளி மாநிலங்களிலிருந்து சேஸிஸை இங்கே ஓட்டி வந்து நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டிக்கொண்டு போகிறார்கள். பல வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொந்த ஷெட் இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு மெக்கானிக் இருக்கிறார். ஒற்றை லாரிக்காரனோ நடைக்கும் நடைக்கும் இடையில் கிடைக்கும் ஒரு பகலில், குளிப்பதா, தூங்குவதா, வண்டிக்கு அடியில் படுப்பதா என்று பார்க்கிறான். காலையில் ஏர் டேங்கில் தண்ணீர் வடிப்பதும் டயரைத் தட்டிப் பார்ப்பதும் அவனால் ஆகும். சேம்பரையும் உள் டயரையும் கண்ணாரப் பார்க்கக் குழி வேண்டும். பட்டறைக்குப் போகலாமே என்றால், பழுது வந்தால்தான் பட்டறை என்பது நம் வழக்கம். பழுது இல்லை என்று சொல்வதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். டீசல் பங்க் நடத்தும் சங்கங்கள் அந்த வளாகத்திலேயே ஒரு குழி கட்டி, காற்றுப் பிரேக்கில் கைதேர்ந்த ஒருவரை அமர்த்தி, ஒற்றை லாரி, இரட்டை லாரி உறுப்பினர்களின் வண்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பார்த்துத் தர வேண்டும். காற்றுக் கசிவு, லைனர், தண்டின் ஓட்டம், உள் டயரின் ஆழம், விளக்கு, ஒளிர்பட்டை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் அளவுடன் எழுதி உரிமையாளரிடம் கொடுத்தால் போதும். சங்கம் தண்டிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் பழுது என்று வந்ததைச் சரிசெய்யக் கையில் பணம் இல்லாதவருக்கு உதிரிப் பாகக் கடையில் சங்கத்தின் பொறுப்பில் கடன் கிடைக்க வேண்டும், மூன்று நடையில் அடைக்கும்படியாக. வாடகை கட்டுப்படியாகாத காலத்தில் இது எங்கே நடக்கும் என்பார்கள். கட்டுப்படியாகாதபோது நாம் முதலில் தள்ளிப்போடுவது லைனரைத்தான் என்பதால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். எஃப்.சி.க்கு டயர் வாடகைக்கு விடுவதும் வாங்குவதும் உறுப்பினர்க்கு ஆகாது என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும். முதல் குற்றவாளியாக என் பெயரையே எழுதிக்கொள்ளலாம்.

போக்குவரத்துத் துறையிடம் நீங்கள் பேச வேண்டியதும் உண்டு: தணிக்கை அறிக்கையைப் பழுதுவாரியாகத் தமிழில் தர வேண்டும் என்பதும், பழுது நீங்கிய வண்டியை அது நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்திலேயே தாமதமின்றி மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பதும். ஆனால் நம் குழியில் நாம் இறங்காமல் இதைக் கேட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார்.

அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்த்தால், அந்தத் தணிக்கை அறிக்கையையும், பட்டறையில் எறிந்துவிடாமல் வைத்திருக்கும் உள் டயர்களில் ஒன்றையும் கொண்டு வந்து மேசைமேல் வைக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களும் தடவிப் பார்க்கலாம்.

தங்கள் உறுப்பினர்களில் ஒருவன்,
ஒற்றை லாரி உரிமையாளர், ஓட்டுநர்,
சங்ககிரி வட்டம்.