ஓலையும் சில ஆங்கிலச் சொற்களும்

அன்பு மக்களே,

சளி விட்டுவிட்டதா? ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. பார்சல் வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் நடக்கப் போகிறார். பெட்டியின் மேல் முகவரி எழுதியது உன் கை இல்லை. நல்ல கையெழுத்து. போன் நம்பரில் வருகிற ஏழுக்கெல்லாம் நடுவில் குறுக்காக ஒரு கோடு. எத்தனையோ வருஷம் விடைத்தாள் திருத்தியவள், கண் தானாக அங்கே போய்விடுகிறது. அது இருக்கட்டும்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. டியூஷனுக்கு வருகிற பிள்ளை ஒருத்தி அனௌன்ஸ், டிக்ளேர், ப்ரொக்ளெய்ம் மூன்றுக்கும் 'அறிவி' என்றே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'ஒரு சொல் போதாதா டீச்சர்?' என்றாள். நீயும் இதையே கேட்டு, சிவப்பு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனவள்தானே. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ப்ரொக்ளெய்மின் உள்ளே இருப்பது கிளாமாரே என்ற லத்தீன் சொல். கூவுவது, கத்துவது. அனௌன்ஸில் இருப்பவர் நூன்தியுஸ், செய்தி கொண்டுவரும் ஆள். போப்பாண்டவரின் தூதரை நன்ஷியோ என்பது அதனால்தான். மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளை அனன்ஷியேஷன் என்பதும் வானதூதர் வந்து சொன்னதால்தான். ஆக அந்தச் சொல்லுக்குள் ஒரு மூன்றாம் ஆள் நிற்கிறார். வானதூதர் வந்து சொன்னால் சரி. மற்றபடி ஒரு செய்தி மூன்றாம் ஆள் வாயால் வீட்டுக்கு வருவதை அப்பாவால் தாங்க முடியாது. செல்வி சித்தி விஷயத்தில் பார்த்தோமே.

டிக்ளேர் அப்படி இல்லை. கிளாருஸ் என்றால் தெளிவு, வெளிச்சம். டிக்ளேர் செய்வது என்றால் முதலில் தெளிவாக்குவதுதான். ஏர்போர்ட்டில் பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லச் சொல்வதும் இந்தச் சொல்லால்தான். ஊரைக் கூட்டிக் கூவ வேண்டாம். கேட்கவேண்டிய ஒருவரிடம், நம் வாயால், உள்ளதைச் சொன்னால் போதும். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

போன ஞாயிறு கோவிலில் பிலோமி மகள் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். நம் ஓலைக்கு ஆங்கிலத்தில் பேன்ஸ் என்று பெயர். பேன் என்றால் தடை என்றுதானே படிக்கிறோம்? பழைய ஜெர்மானிய மொழிகளில் அதற்கு ஊரறியச் சொல்லுதல், ஆணையிட்டு அழைத்தல் என்றுதான் பொருள். 'இதைச் செய்யாதே' என்று ஊரறியச் சொல்லிச் சொல்லியே பின்னால் அது தடையாகிவிட்டது. கல்யாண ஓலையில் மட்டும் பழைய பொருள் மாறாமல் தங்கிவிட்டது.

1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம்தான் கல்யாணத்தை முன்கூட்டியே கோவிலில் அறிவிக்க வேண்டும் என்று திருச்சபை முழுவதற்கும் விதித்தது. ரகசியக் கல்யாணங்களை நிறுத்துவதற்காக. இங்கிலாந்தில் 1753இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். ஓலையும் இல்லாமல், லைசன்ஸும் இல்லாமல் நடந்தால் கல்யாணம் செல்லாது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குக் கிடையாது என்பதால் ஜோடி ஜோடியாக எல்லை தாண்டி க்ரெட்னா க்ரீன் என்ற கிராமத்துக்கு ஓடினார்கள். நீ இருக்கிற லீட்ஸிலிருந்து வடக்கே போனால் வரும். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோருமேவா கல்நெஞ்சுக்காரர்களாக இருந்திருப்பார்கள்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிப்பேர் சம்மதித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மீதிப்பேர் நாலு நாள் கோபித்துவிட்டு சம்மதித்திருப்பார்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி ஏதாவது சூடாகச் சாப்பிடு.

இன்னொன்றும் உண்டு, இதை அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை, அவளுக்கு இப்போது புரியாது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஆதியில் 'பா' என்று ஒரு வேரைக் காட்டுகிறார்கள். பேசுதல் என்று பொருள். பேன்ஸ் அதில் பிறந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்கிற கன்ஃபெஸ், விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்கிற ப்ரொஃபெஸ் இரண்டும் அதில் பிறந்தவை. கிரேக்கம் வழியாக வந்து உன் கையில் இருக்கிற போனும் அதில் பிறந்ததுதான். இன்ஃபன்ட் என்றால் இன்னும் பேசாதது. நீ இரண்டு வயது தாண்டியும் வாய் திறக்காமல் இருந்து, அம்மாச்சி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். அப்புறம் திறந்த வாய் மூடவில்லை. மாவட்டப் பேச்சுப்போட்டியில் வாங்கின கப்பை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்னும் காட்டுகிறேன். மேடையில் அத்தனை பேர் முன்னால் நின்று பேசின பிள்ளை, போனை எடுத்தால் 'ம்', 'சரிம்மா', 'பிஸிம்மா' என்று வைத்துவிடுகிறாய். உன் வேலை கடினம், தெரியும். அத்தனை பெரிய வேலையை என் மகள் தனியாகப் பார்க்கிறாள் என்று எனக்குப் பெருமைதான். ஆனால் 'ம்' எந்த அகராதியிலும் பதில் இல்லை.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, புதுக் கட்டில் போட்டிருக்கிறோம், இரண்டு பேர் தாராளமாகத் தங்கலாம். ஜன்னல் பக்கம் மட்டும் இன்னும் வலை அடிக்கவில்லை. வெளியூர்க்காரர்களைக் கொசு பிடுங்கிவிடும், கிறிஸ்துமஸுக்குள் அடித்துவிடச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்துக்குப் போய்விடுவார், ஏழு மணிக்கு மேல்தான் திரும்புவார். உனக்கு அது மத்தியான இடைவேளை. நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். எதுவானாலும் முதலில் என்னிடம் சொல், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா