கக்கூஸ் சுவரில் ஐரோப்பா

லெய்டன், ஆலந்து (நெதர்லாந்து),
மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மா, அத்தான், பாப்பா, சின்ன அத்தை எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. மஞ்சள் கறை பட்ட மூலையைப் பார்த்ததுமே அடுப்படியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. "பொங்கலுக்கு எழுதினவன், உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறாய். போனில்தான் பேசுகிறோமே என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் போனில் நான் "சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டியதில்லை என்று நீ எழுதியிருப்பதும் உண்மைதான். அதனால் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

அங்கே கத்திரி தொடங்கியிருக்கும். இங்கே நான் ஸ்வெட்டரோடு எழுதுகிறேன். ஹீட்டர் இருக்கிறது. ஆனால் நான் அதிகம் போடுவதில்லை, அந்தச் சூடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. சாப்பாட்டுக்கும் குறை இல்லை. உருளைக்கிழங்கு இங்கே மலிவு, அதை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் தூளைச் சீனி மாதிரித் தூவித் தின்கிறார்கள். பெரியவர்களும்தான்! பாப்பாவிடம் சொல்லாதே, அப்புறம் இட்லியைத் தொடமாட்டாள். காய்கறி பேக்கிங் வேலையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் போனில் சொன்னேன் இல்லையா, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், சைக்கிளில் வரும்போது கையை நீட்டி வழியை அடைத்துக்கொண்டு வருவார் என்று. போன மாதம் என் அறையில் ஃப்ளஷ் கெட்டுப்போனது. வீட்டுக்காரர் ஆள் அனுப்ப மூன்று நாள் ஆக்கிவிட்டார். அந்த மூன்று நாளும் தாத்தா வீட்டுக் கக்கூஸ்தான் எனக்கு. இங்கே மாடிப்படி என்பது நம் வீட்டுக் குதிருக்குச் சாத்திய ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். ராத்திரியில் இறங்குவதற்குள் வந்த காரணமே மறந்துவிடும்.

கக்கூஸ் என்றால் நம் சாமி அலமாரி அகலம்தான். இரண்டு பக்கச் சுவரும் தோளில் இடிக்கும். அந்தச் சுவர் முழுக்கப் படம் மாட்டி வைத்திருக்கிறார். முதலில் ஏதோ சாதாரண மேப் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தபின் பார்த்தால் ஒவ்வொரு தேசமும் ஒரு ஆள்! எதிரே இருந்தது, 1870இல் பாரிஸில் பால் அடோல் என்பவர் போட்ட படம். இங்கிலாந்து ஒரு கிழவி. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருக்கிறாள், கையில் கயிறு, கயிற்றின் முனையில் நாய். அந்த நாய்தான் அயர்லாந்து. பிரஷ்யா, அதாவது அன்றைய ஜெர்மன் ராஜ்யம், ஒரு தடித்த ஆள், ஒரு கையை ஆலந்து மேலும் இன்னொன்றை ஆஸ்திரியா மேலும் வைத்து அழுத்துகிறான். ஸ்பெயின் ஒரு பெண், போர்ச்சுகல்மேல் சாய்ந்து கிடக்கிறாள். ஓரத்தில் ரஷ்யா, கூடையோடு வருகிற ஒரு கிழப் பூச்சாண்டி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. நம் ஊர்ப் பிள்ளைபிடிக்காரன் அப்படியே இருக்கிறான், சாக்குக்குப் பதிலாகக் கூடை, அவ்வளவுதான். படம் வந்த அதே வருடம் பிரான்சும் பிரஷ்யாவும் நிஜமாகவே வெட்டிக்கொண்டார்கள் என்று தாத்தா சொன்ன பிறகு அந்தத் தடியனைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் இன்னொன்று. 1877இல் ஃபிரெட் ரோஸ் என்ற பிரிட்டிஷ்காரர் போட்டது. அதில் ரஷ்யா ஆக்டோபஸ். நாகப்பட்டினத்தில் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான். அதன் கைகள் சுற்றியிருக்கிற நாடுகளை வளைத்துப் பிடித்திருக்கின்றன. 1904இல் ரஷ்யாவோடு சண்டை வந்ததும் ஜப்பானில் கல்லூரியில் படித்த ஒரு பையன் அதே பேய்க்கணவாயை எடுத்துக் கறுப்பாக வரைந்து, கையை திபெத், சீனா வரைக்கும் நீட்டிவிட்டானாம். ஊர் விட்டு ஊர் போனாலும் வசவு மட்டும் மாறாது போலிருக்கிறது.

மூன்று நாளில் அத்தனையும் மனப்பாடம். நாலாம் நாள் ஃப்ளஷ் சரியானதும் மரியாதைக்கு நன்றி சொல்லப் போனேன். காப்பிக்கு உட்கார வைத்தார். இங்கே ஒரு வழக்கம். காப்பியோடு ஒரு தகர டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள், ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பா மூடிவிடும். இரண்டாவது என்ற பேச்சே கிடையாது. நம் வீட்டில் அம்மா கேட்காமலே இரண்டாவது கரண்டிச் சோற்றைத் தள்ளுவதை நினைத்துக்கொண்டேன்.

தாத்தா காப்பி ஆறும்வரை பேசினார். பிரசல்ஸில் 2009இல் நடந்த கூத்தைச் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அந்த ஆறு மாதம் செக் நாடு தலைமை. 27 நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து செய்தது என்று சொல்லிப் பெரிய சிற்பம் ஒன்றைக் கட்டடத்தில் மாட்டினார்கள். பல்கேரியாவைக் குந்தி உட்காரும் கக்கூஸாகவும், இத்தாலியைக் கால்பந்து மைதானமாகவும், ருமேனியாவை டிராகுலாப் பூங்காவாகவும் செய்திருந்தார்கள். ஆலந்து? வெள்ளத்தில் முழுகிவிட்டது, தண்ணீருக்கு மேலே மசூதி மினார்கள் மட்டும் தெரிகின்றன. அப்புறம் பார்த்தால் 27 பேரும் கிடையாது, எல்லாம் டேவிட் செர்னி என்ற ஒரே ஆளும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. பல்கேரியா சண்டைக்கு வந்தது, அந்தத் துண்டின்மேல் கறுப்புத் துணி போட்டு மூடினார்கள். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அதே வருடம் பல்கேரியக்காரர் ஒருவரே இணையத்தில் வேறொரு மேப் போட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின்மேல் 'மானியம் வாங்கும் விவசாயிகள் சங்கம்' என்று எழுதிவிட்டாராம். மேலத்தெரு பெரியப்பா கேட்டால் அந்தச் சங்கத்தில் சேர சந்தா எவ்வளவு என்பார்.

"சரி, என் நாட்டை நீ வரை பார்ப்போம்" என்று ஒரு கடை விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டார். நானும் வரைந்தேன். நெடுநெடு என்று ஒரு ஆள், முழங்கால்வரை தண்ணீர், கக்கத்தில் பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குப் பூட்டு. தாத்தா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். பல்கேரியாவுக்குச் சிரித்த வாய் சிரிக்கவில்லை. "இது சிக்கனம். கஞ்சத்தனம் இல்லை" என்றார். நான் பேசாமல் மேலே வந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் இந்த வாயை வைத்துக்கொண்டு எங்கேயும் பிழைக்க முடியாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவரே கதவைத் தட்டிக் கூப்பிட்டார். டப்பா திறந்தது, ஒன்று எடுத்தேன், மூடினார். கொஞ்சநேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி திறந்தார்! படம் கக்கூஸ் சுவருக்குப் போய்விட்டது, பிரஷ்யாவுக்குப் பக்கத்தில்.

அன்றைக்கு என் ஊரை வரையச் சொன்னார். இந்தியா என்றால் அவருக்கு யானை, யோகா, கம்ப்யூட்டர். அதெல்லாம் வேண்டாம் என்று டெல்டாவைத்தான் வரைந்தேன். விரித்த உள்ளங்கை மாதிரி. மணிக்கட்டில் கல்லணை, விரல்களெல்லாம் ஆறு. தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று ஆட்டும், இடத்தைவிட்டு நகராது. கும்பகோணத்துக்காரர் ஒரு கையால் டபராவை நீட்டுகிறார், இன்னொரு கை வந்தவர் சட்டைப் பையில். (அத்தானிடம் இதைக் காட்டாதே, அவர் ஊர்.) திருவையாற்றுக்காரர் வாய் நிறைய அசோகா அல்வாவோடு தொடையில் தாளம் போடுகிறார். மன்னார்குடி முழுக்க மதில்தான், உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நாகப்பட்டினம் அந்த இங்கிலாந்துக் கிழவி மாதிரி எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டி, 'திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு' என்று அடுக்குவாளே, அது வேறு வகை. அந்த வகையும் இவர்களிடம் உண்டு, 1583இல் ஆஸ்திரியாக்காரர் ஒருவர் இந்த நாட்டையும் பக்கத்துப் பெல்ஜியத்தையும் சேர்த்து ஒரு பெருமைமிக்க சிங்கமாக வரைந்தார். ஆனால் என்னைக் கேட்டால், சொந்தக்காரனைக் கிண்டல் பண்ணும் மேப்தான் வழி தப்பாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"நீ எங்கே?" என்று கேட்டார். சுண்டுவிரல் நகக்கண்ணில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி போதாது, ஆள் வரை என்றார். கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்று விளக்கப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே, அங்கே தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கே பம்பு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து எண்ணூறு வருடம் ஓட்டியவர்களிடம், தண்ணீர் வருமா என்று மதகில் உட்கார்ந்து காத்திருப்பதை எப்படிச் சொல்வது? கடைசியில் மதகுக் கட்டையை வரைந்தேன். பக்கத்தில் பாவாடையைச் செருகிக்கொண்டு நீ. அந்த ஒற்றைச் சடை மட்டும் சரியாக வந்தது.

இந்த வேடிக்கை மேப்புகளில் சில லண்டனில் 1860களின் கடைசியில் வந்தன, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, படுக்கையில் கிடந்த தம்பிக்கு வேடிக்கை காட்ட வரைந்ததிலிருந்து தொடங்கியதாம். தாத்தா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் நீ வாத்தியாரைக் கழுதையாக வரைந்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? சிரித்தால் கொப்புளம் வலிக்கும், அழித்துவிட்டு இன்னும் பெரிய காதாக வரைவாய். பிஸ்கட் தொண்டையில் நின்றுவிட்டது. தாத்தா தண்ணீர் எடுத்து வந்தார். காரமா என்று கேட்டார், பாவம்.

அப்புறம் கக்கூஸில் தொங்குகிற காலண்டரைக் கொண்டுவந்தார். இங்கே பிறந்தநாள் காலண்டர் அங்கேதான் இருக்கும், தினமும் கண்ணில் பட வேண்டுமாம். என் பிறந்தநாள் கேட்டார். வாத்தியார் போட்ட ஜூன் 1ஐச் சொல்வதா, ஆடி மாதம் என்று அம்மா சொல்வதைச் சொல்வதா? ஜூன் 1 என்றே சொன்னேன். என் பெயரில் இரண்டு எழுத்து தப்பு. அதற்கு மேலும் கீழும் இருந்த பெயர்களில் பாதிக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிலுவைக் குறி.

சரி, அதை விடு. வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சித்தப்பா வரப்பை வெட்டி நம் பக்கம் தள்ளியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரோடு வாசலில் நின்று சண்டை போடாதே. இ-சேவை மையத்தில் புலப்படம் எடுத்துக்கொள், சர்வே நம்பர் அப்பாவின் பச்சை டைரியில் முதல் பக்கம். அளக்க மனுப் போட்டுவிடு. தண்ணீர் வருவதற்குள் அளந்து கல் நட்டால்தான் உண்டு, சேறாகிவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள். மூன்று மா நிலத்தில் முக்கால் முழம் போனால் என்ன என்று அம்மா சொல்வாள். போகக்கூடாது. அளக்கும்போது சித்தப்பாவையும் பக்கத்தில் நிற்கவை, சர்வேயருக்குக் கொடுக்கும் இளநீரில் அவருக்கும் ஒன்று வெட்டிக் கொடு.

பாப்பா காதுகுத்து ஆவணியில் என்கிறாய். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், எனக்குத் தெரியாதா? லீவு கேட்டிருக்கிறேன். இந்த சீசனில் லீவு கொடுப்பது கஷ்டம் என்கிறார்கள். வர முடியாமல் போனால் ரைஸ்மில் மாமா மகனை உட்கார வைத்துவிடாதே, தைக்குத் தள்ளிப்போட முடியுமா என்று அத்தானிடம் கேள். தோட்டுக்கு நான் அனுப்புவதாகச் சொன்ன பணம் அடுத்த மாதம் வரும். பேங்க் கடன் தவணையை இந்த ஒரு தடவை மட்டும் உளுந்து விற்ற காசில் கட்டிவிடு, கணக்கு எழுதி வை. இங்கே ராஜா பிறந்தநாளன்று பிள்ளைகள் தெருவில் பழைய சாமான் விற்பார்கள், அதில் பாப்பாவுக்கு ஒரு டப்பா கலர் பென்சில் வாங்கியிருக்கிறேன். நீலம் மட்டும் கொஞ்சம் குட்டை.

அம்மா பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாள் என்று சின்ன அத்தை சொன்னாள். மிச்சம் பிடிக்கிறாளாம். அது வேண்டாம், தினமும் போடச் சொல்.

மேட்டூர் திறப்பதும் கல்லணை திறப்பதும் செய்தியில் வந்துவிடும், நான் பார்த்துக்கொள்வேன். நம் மதகுக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் நீ எழுது. தாத்தாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார், காலண்டரில் குறிக்க வேண்டுமாம்.

அன்புத் தம்பி