பூனையைச் சாக்கில் பிடித்துப் போவதால் எதுவும் தீராது

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனை பெருகிவிட்டது என்றதும், ஆள் வைத்துச் சாக்கில் பிடித்து ஏரிக்கரையிலோ மீன் சந்தையிலோ விட்டுவிடுகிறார்கள். இது கொடுமை, பலனும் இல்லை. குப்பைத் தொட்டியும் எலியும் அங்கேயே இருக்க, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்துவிடும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

செய்ய வேண்டியது, பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் திரும்ப விடுவதுதான். பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும். சினைக்காலம் வெறும் 9 வாரம். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். ஆறு பெட்டைகளில் நான்கோடு நிறுத்தினால், மிச்சமுள்ள இரண்டு போதும், ஒரே வருடத்தில் பழைய கணக்குக்கு வந்துவிடும். கடுவன்களுக்கு மட்டும் செய்வதும் வீண். வெளியிலிருந்து ஒரு கடுவன் வந்தால் தீர்ந்தது.

பிடிக்கும் வேலை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடத்தில் சாப்பாடு. மூன்றாம் நாளிலிருந்து, பொறிக்கூண்டின் கதவு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு, அதற்குள்ளேயே வையுங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர் மட்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான்: மூன்றாம் மாடியில் யாராவது இரக்கப்பட்டுத் தயிர்சாதம் வைத்துவிடுவார்கள். வீடு வீடாகச் சொல்லி வைப்பது அவசியம். கூண்டில் செய்தித்தாள் விரித்து, மிதித்தால் கதவு விழும் பலகையைத் தாண்டிக் கடைசி மூலையில் நெத்திலியோ மத்தியோ வையுங்கள். முன்னால் வைத்தால் பலகையை மிதிக்காமலே தின்றுவிட்டுப் போய்விடும். கதவு விழுந்ததும் கெட்டித் துணியால் கூண்டை முழுக்க மூடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும், இல்லையென்றால் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசி போட வேண்டும்.

பெட்டை என்றால் துணியின் ஓரத்தைத் தூக்கி வயிற்றடியைப் பாருங்கள். காம்பு நீண்டு சிவந்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தால், எங்கோ குட்டிகள் பசியோடு கிடக்கின்றன. தேடியும் கிடைக்காவிட்டால் தாயை விட்டுவிடுங்கள். குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கியதும் பிடிக்கலாம்.

மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: ரேபிஸ் தடுப்பூசி, தானாகக் கரையும் தையல், மயக்கத்திலேயே இடது காது நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிடுவது. அந்த அடையாளம் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து அதே பெட்டையின் வயிற்றை மறுபடி கிழிப்பார்கள், பாவம். கடுவனை ஒரு நாள், பெட்டையை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து விடலாம். வலிக்குமே என்று வீட்டிலுள்ள பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பூனை பிடிக்கும் ஆளுக்குப் பணம் ஒதுக்கும் முன், அதில் இரண்டு கூண்டு வாங்கி வாட்ச்மேன் அறையில் வைக்கும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருப்பூனைகளுக்கு உணவிடும் வாசகர்கள்,
சென்னை