'உலகில் நான்கே உள்ளன' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். அமெரிக்காவின் பழைய பேஸ்போல் அட்டைகள் (விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்போர் விரும்பும் சிறு அட்டைகள்) ஏலத்தில் பெறும் விலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் ஓர் அட்டையைக் குறித்து, 'உலகில் நான்கே உள்ளன' என்று எழுதப்பட்டிருந்தது. தரச்சான்று வழங்கும் நிறுவனம் ஒன்றின் பட்டியலில், குறிப்பிட்ட ஒரு தரத்துக்கு நேரே காணப்படும் எண்தான் அந்த நான்கு. நான் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இலங்கையின் பழைய நாணயங்களையும் முத்திரைகளையும் நெடுங்காலமாகச் சேர்த்து வருபவன். ரொறன்ரோவில் இருக்கும் என் மகளின் மகன் இந்த அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கிய பின்னர், அவனுக்காக இந்தப் பட்டியல்களையும் கூர்ந்து பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தினால்தான் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

1991 இல் தொடங்கப்பட்ட பீ.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள், அனுப்பப்படும் அட்டை உண்மையானதா என்று பார்த்து, 1 முதல் 10 வரையான தரம் ஒன்றை இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புகின்றன. ஒவ்வொரு முறை தரமிடும்போதும் பட்டியலில் ஓர் எண் கூடும். ஏழாம் தரம் பெற்ற ஒருவர், எட்டு கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் உறையை உடைத்து அதே அட்டையை மறுபடியும் அனுப்புவது அங்கே வழக்கம். உறையில் இருந்த பழைய தரச் சீட்டைத் திருப்பி ஒப்படைத்தால் முந்திய பதிவு கழிக்கப்படும் என்றாலும், பலர் அதைச் செய்வதில்லை. ஆகவே மூன்று முறை போய்வந்த ஓர் அட்டை, பட்டியலில் மூன்று அட்டைகளாக நிற்கலாம். இரண்டு தரங்களுக்கு இடையில் விலை வேறுபாடு பெரிதாக உள்ள அட்டைகளில் இந்த மிகை கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

இதற்கு நேர்மாறான குறைபாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தரமிடுவதற்குக் கட்டணம் உண்டு. கட்டணத்தைவிட மலிவான அட்டையை யாரும் அனுப்பமாட்டார்கள். அதனால் புகழ்பெற்ற வீரரின் அட்டை பட்டியலில் நிறையவும், அவரோடு ஒரே தொடரில் அச்சான சாதாரண வீரரின் அட்டை சொற்பமாகவும் காணப்படும். டொப்ஸ் என்ற நிறுவனம் 1952 ஆம் ஆண்டு வெளியிட்ட தொடரின் 407 அட்டைகளில் 311 ஆம் இலக்கமான, புகழ்பெற்ற வீரர் மிக்கி மான்டிலின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் அவ்வட்டை இரட்டிப்பாக அச்சிடப்பட்டது; அதே பகுதியின் பெரும்பாலான அட்டைகள் அதைவிடக் குறைவாகவே அச்சாகின. ஆயினும் 2022 இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விற்பனையானது மான்டில்தான். விலைக்குக் காரணம் அவர்மீது மக்கள் கொண்ட விருப்பமும் அந்தப் பிரதியின் அரிய தூய்மையும் என்பதால், விலையை வைத்து ஓர் அட்டை எவ்வளவு அரியது என்பதை அளக்க முடியாது. பட்டியலை மட்டும் வைத்தும் அளக்க முடியாது.

என் பேரன் இதைப் பணம் கொடுத்தே கற்றுக்கொண்டான். பட்டியலில் 'நான்கு' என்று இருந்த ஒரு சாதாரண வீரரின் அட்டையைச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கினான். அந்த விலை வெளியே தெரிந்ததும், பெட்டிகளில் கிடந்த பிரதிகளைப் பலர் அனுப்பத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு பதினொன்றாகியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த எண் எந்தத் திகதிக்குரியது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நாணயம் சேர்ப்போர் இதன் பெரிய வடிவத்தை முன்பே கண்டிருக்கிறார்கள்: அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் அச்சிடப்பட்ட 1903 ஆம் ஆண்டு வெள்ளி டொலர் நாணயம் மிக அரியது என்று நம்பப்பட்டு வந்த நிலையில், 1962 இல் அரச களஞ்சியத்திலிருந்து அவை பை பையாக வெளிவந்தபோது விலை தரைக்கு வந்தது.

எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை ஊகிப்பது எத்துணை கடினம் என்று மட்டக்களப்பாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் என் தகப்பனாரின் முத்திரை ஏடுகள் நனைந்து ஒட்டிப் போயின. 2004 இல் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோன வீடுகளில் என்னென்ன இருந்தன என்று யாரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. எத்தனை அச்சானது என்ற கணக்கு, எத்தனை மிஞ்சியது என்பதைச் சொல்லாது. டொப்ஸ் நிறுவனமே விற்காமல் மிஞ்சிய 1952 ஆம் ஆண்டு அட்டைகளை 1960 இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் பட்டியலால் பயனில்லையா? உண்டு. வாவியில் மீன்களைக் கணக்கிட, நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு, சில நாள் கழித்து மீண்டும் வலை வீசுவார்கள். ஐம்பதில் பத்து அடையாளத்தோடு வந்தால், ஏறக்குறைய ஐந்நூறு என்று மதிப்பிடலாம். பழைய அட்டைகளின் அச்சு விலகல், மூலை மழுங்கல், கறை ஆகியவை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஏலப் படங்களை ஒப்பிட்டு, வந்த அட்டையே திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். அடிக்கடி அதே பிரதி வந்தால் மொத்தம் சிறியது. ஆனால் வலைக்கு ஒருபோதும் வராத மீன் போல, யாரோ ஒரு முதியவரின் அலுமாரியில் இருந்து வெளிவராத அட்டை இக்கணக்கிலும் அடங்காது என்பதால், கிடைக்கும் விடையைக் கீழ் எல்லையாகவே கொள்ள வேண்டும்.

தரமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1909 முதல் 1911 வரை வெளியான புகையிலைப் பொதிகளோடு வந்த அட்டைத் தொடரில், ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை ஒன்றைத்தான் பீ.எஸ்.ஏ. முதன்முதலில் தரமிட்டது, அதற்கு எட்டு கொடுத்தது. பார்வைக்குத் தரம் கூடித் தெரிய அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக, முன்னர் அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுவே: இனி இத்தகைய செய்திகளில் 'உலகில் நான்கே உள்ளன' என்பதற்குப் பதிலாக, 'இன்ன நிறுவனம் இன்ன திகதிவரை நான்கு முறை இத்தரத்தை வழங்கியுள்ளது' என்று எழுதுங்கள். கூடவே, அதே தொடரில் அச்சான வேறு இரண்டு அட்டைகளின் எண்ணிக்கையையும் அருகில் தாருங்கள். வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகள் பலர் தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் பணம் செலுத்துகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.